ரெங்கம்மாள் கடித்த உருண்டை

ரெங்கம்மாளின் கருமாதிக்கு முதல் நாள் அவள் மகள் தென்றல் பிடித்த பொரிவிளங்காய் உருண்டையில் பாகு முறுகிவிட்டது. கொஞ்சநஞ்ச முறுகல் இல்லை. ஓர் உருண்டை கை நழுவி விழுந்ததில் அடுப்படி டைல்ஸின் மூலை பெயர்ந்தது. உருண்டைக்கு ஒரு கீறல் இல்லை. அது பிறவியிலேயே கெட்டியான பண்டம்தான். வறுத்த அரிசியையும் பாசிப்பயறையும் திரித்து, வேர்க்கடலையும் தேங்காய்ச் சில்லும் போட்டு, வெல்லப்பாகை ஊற்றிச் சூட்டோடு பிடித்தால் வேறு எப்படி இருக்கும்? ஆனாலும் தென்றல் பிடித்தது பண்டம் என்கிற எல்லையைத் தாண்டி ஆயுதம் என்கிற எல்லைக்குள் கால் வைத்திருந்தது.

மறுபடி செய்ய நேரமில்லை. அப்படியே தூக்குவாளியில் போட்டுக்கொண்டு பெரம்பலூரில் பஸ் ஏறி, அரியலூரில் மாறி, செந்துறைப் பக்கம் அம்மா வீட்டுக்கு வந்தாள். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வாளிக்குள் உருண்டைகள் முட்டி மோதிச் சத்தம் போட்டன.

"கோலிக்குண்டா?" என்று கேட்டாள் பக்கத்து சீட் அம்மாள்.

"தின்பண்டம். எங்கம்மாவுக்கு," என்றாள் தென்றல். அந்த அம்மாள் அதற்குமேல் பேச்சுக் கொடுக்கவில்லை.

அம்மாவுக்கு அந்த உருண்டை என்றால் உயிர். பற்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போன பிறகும் அவள் அதை விடவில்லை. கதவிடுக்கில் வைத்து நசுக்கி, ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மத்தியானம் முழுக்க ஊற வைத்துத் தின்பாள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். ரெங்கம்மாள் விஷயத்தில் பல் போனதே சொல்லுக்கு வழிவிடத்தான் என்று தெருவில் பேச்சு.

தென்றலுக்குப் பெரம்பலூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. "வாயத் தொறங்க, துப்புங்க, மூடுங்க" என்று ஊரார் வாயையெல்லாம் அதட்டுகிறவள் பெற்றவளை வெறும் வாயோடு விடலாமா? டாக்டரிடம் சொல்லி, மேலும் கீழுமாக முழு செட் செய்து கொண்டுவந்து மாட்டிவிட்டாள். அம்மா ஒரு நாள் போட்டுக்கொண்டாள். மறுநாளே, "வாய்க்குள்ள விருந்தாளி வந்து உக்காந்த மாதிரி இருக்குடி" என்று கழற்றி டப்பாவில் வைத்துவிட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்த தடவை தென்றல் வந்தபோது டப்பாவே இல்லை. பக்கத்து வீட்டு மருதாயி உடையார்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். கழுத்துச் சங்கிலியை இரவல் கொடுப்பார்களே, அந்த மாதிரி ரெங்கம்மாள் பல்செட்டை இரவல் கொடுத்திருந்தாள்.

"சாப்புடறதுக்கு இல்லடி. போட்டோவுக்குத்தான்," என்றாள் அம்மா சமாதானமாக.

தென்றலுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஊர் சிரிக்கும், ஆஸ்பத்திரியில் தெரிந்தால் மானம் போகும் என்று என்னென்னவோ கத்தினாள். கடைசியில், "பல்லு இல்லாமயே கெடந்து சாவு. நீ செத்தாலும் நான் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். 

அதன் பிறகு இவளும் போன் பண்ணவில்லை, அவளும் பண்ணவில்லை. ஆடி போய் ஆவணி வந்தது. ஒரு விடியற்காலையில் அண்ணன்தான் போன் பண்ணினான். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள், பல் இல்லாமல்.

தென்றல் வாசப்படியை மிதிக்கத்தான் மிதித்தாள். விழுந்து புரண்டு அழத்தான் அழுதாள். ஆனால் சொன்ன வார்த்தை மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றுவிட்டது. அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. அம்மா தன்மேல் கோபத்தோடு போனாளா, இல்லையா? இந்த ஒன்று தெரிந்தால் போதும் அவளுக்கு. பதில் சொல்ல வேண்டியவளோ மாலை போட்டுக்கொண்டு படத்துக்குள் உட்கார்ந்திருந்தாள்.

கருமாதி வீட்டில் அண்ணன் அறிவழகனின் சத்தம்தான் முதலில் கேட்டது. அவன் அரியலூர் தடத்தில் கண்டக்டர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அந்த வட்டாரத்தில் அவனைத்தான் காட்டுவார்கள். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியிலும் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பது வீட்டு விதி. முன்பல் உடைந்ததற்கே பல கதைகள் வைத்திருந்தான். ஒன்றில் பிக்பாக்கெட் திருடன் வருவான், ஒன்றில் முரட்டு மாடு வரும். உண்மையில் பிரேக் போட்டபோது பஸ் கம்பியில் முட்டிக்கொண்டான். தென்றல்தான் கூட்டிப்போய் அந்த உடைந்த பல்லின்மேல் உறை மாதிரி ஒரு கேப் போட்டுவிட்டாள். மற்ற பற்களின் நிறத்திலேயே போடலாம் என்றார் டாக்டர். "காசு குடுத்துப் போடறது பளிச்சுனு தெரிய வேணாமா சார்?" என்று அவன் வெள்ளையிலும் வெள்ளையாகக் கேட்டு வாங்கினான். அன்றிலிருந்து அண்ணன் சிரித்தால் அந்தப் பல் ஓர் அடி முன்னால் வந்து சிரிக்கும்.

தம்பி அறிவரசன் வேறு ரகம். அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கிறவன். பிள்ளைகளுக்குப் பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டு எப்போதோ போய்ச் சேர்ந்த அப்பாவின் கறுப்புச் சட்டை அவனுக்குத்தான் வந்திருந்தது. ஆவி, பேய், படையல் எதையும் நம்பமாட்டான். படையல் வடையை மட்டும் நம்புவான்.

மத்தியானம் படையல் சாமான்களை எடுத்து வைக்கும்போது அண்ணன் தூக்குவாளியைத் திறந்து பார்த்தான். ஓர் உருண்டையை எடுத்துக் கதவில் தட்டினான். "யாரோ வந்துருக்காங்க, பாருங்கப்பா," என்றான்.

"வெளையாடாதண்ணே. அம்மாவுக்குப் புடிக்கும்னு செஞ்சாந்தேன்."

"புடிக்கும் பாப்பா, இல்லேங்கல. ஆனா பல்லு இல்லாத கெழவிக்கு இதப் படைச்சா கேலி பண்ற மாதிரி இருக்கும். சுழியம் வையி. மெத்துனு இருக்கும்."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது. பல் இல்லாமல் சாவு என்று சொன்னவள், அம்மா செத்த பிறகு கல் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். கேலி இல்லாமல் வேறு என்ன? தென்றல் கொல்லைப்புறம் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தாள்.

முகம் கழுவிக்கொண்டு திரும்பினால் மருதாயி நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்த டப்பா.

"இந்தா ஆயி. மஞ்சத்தண்ணில கழுவித்தான் கொண்டாந்துருக்கேன். ஒங்கம்மா கேட்டுக்கிட்டேதான் இருந்தா. நாந்தான் இந்தக் கல்யாணம் முடியட்டும், அந்தக் காதுகுத்து முடியட்டும்னு இழுத்துட்டேன்."

"எதுக்குக் கேட்டுச்சு?"

"பல்ல எதுக்குக் கேப்பாங்க? கடிக்கத்தான்."

என் மூஞ்சியில் விட்டெறியக்கூடக் கேட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள் தென்றல்.

தாய்மாமன் வைத்திலிங்கம் பஞ்சாயத்தை முடித்துவைத்தார். "உருண்டையையும் வையி. பல்லையும் பக்கத்துலயே தொறந்து வையி. வேணும்னா மாட்டிக்கிட்டுத் தின்னுட்டுப் போறா எந்தங்கச்சி."

அந்த வீட்டு வழக்கம் இது: விளக்கு வைக்கிற நேரத்தில் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். போனவர் வந்து வேண்டியதை எடுத்துக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து மாமன் கதவைத் தட்டித் திறப்பார். எந்தப் படையலிலும் ஒரு பருக்கை குறைந்ததில்லை. "வாசனை புடிச்சுட்டுப் போயிட்டாங்க" என்று திருப்தியாகச் சொல்லிக்கொண்டு எல்லோரும் பந்திக்கு உட்காருவார்கள்.

அண்ணன் அதற்கு முன்பே வாசலுக்குப் போய்ப் பேச்சில் இறங்கிவிட்டான். தம்பி மட்டும் கதவைச் சாத்துவதற்கு முன் தன் போனில் வீடியோவைப் போட்டு, தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தான். "இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சுரும் மாமா," என்றான். மாமா "ஒங்கப்பன் மாதிரியே" என்று முணுமுணுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வெளியே தென்றல் கதவுக்கு நேராக நின்றாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் மனசுக்குள் கெஞ்சினாள். ம்மா, ஒரு கடி. பல்லை மாட்டிக்கோ, மாட்டாமல் போ. ஒரே ஒரு கடி கடித்துவிட்டுப் போ.

அண்ணன் வழக்கம்போல் யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். நடுவில் நிறுத்தி, "பந்திக்கு எல வந்துருச்சான்னு பாத்துட்டு வரேன்" என்று வீட்டுக்குப் பின்பக்கம் போனான்.

சற்று நேரத்தில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"வந்துட்டா," என்றாள் மருதாயி மெதுவாக.

"எலியா இருக்கும்," என்றான் தம்பி. ஆனால் அவனும் ஓர் அடி பின்னால் வந்துதான் சொன்னான்.

மாமா கதவைத் தட்டினார். வழக்கத்தைவிட அதிகமாகவே தட்டினார். உள்ளே இருப்பவள் கிளம்ப அவகாசம் கொடுக்கிறார் என்று தோன்றியது. பிறகு திறந்தார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாம்பார், வடை, பாயசம், சுழியம் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ஓர் உருண்டை மட்டும் இலை ஓரத்துக்கு உருண்டிருந்தது. அதில் ஒரு கடி. கடித்த இடத்தில், கொழுக்கட்டையில் தேங்காய்ச் சில்லு நிற்கிற மாதிரி, ஒரு பல் நின்றுகொண்டிருந்தது.

இத்தனை வருஷமாகச் செத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மாமாதான் முதலில் வெளியே வந்தவர். மருதாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "செட்ட மாட்டிக் கடிச்சுருக்கா. பல்லு ஒண்ணு பேந்துருச்சு," என்றவள், உடனே சுதாரித்துக்கொண்டு, "எங்கிட்ட இருந்தப்ப எல்லாப் பல்லும் இருந்துச்சு, எல்லாரும் கேட்டுக்கங்க," என்றாள்.

தென்றல் போய் இலைக்கு முன்னால் மண்டியிட்டாள். அம்மா வந்திருக்கிறாள். கோபம் இருந்தால் வருவாளா, வந்தாலும் இதைத் தொடுவாளா? அந்தக் கணம் அவள் அதை முழுசாக நம்பினாள். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு நிம்மதி வந்ததே இல்லை.

பிறகு கை உருண்டையை எடுத்தது. மனசு நம்பினாலும் கை ஆஸ்பத்திரிக் கை. பல்லைத் திருப்பிப் பார்த்தது. உள்பக்கம் உலோகம். வெளிப்பக்கம் வெள்ளையிலும் வெள்ளை. டப்பாவைப் பார்த்தாள், அம்மாவின் செட்டில் ஒரு பல்லும் குறையவில்லை.

திரும்பிக் கூட்டத்தில் அண்ணனைத் தேடினாள். இந்நேரம் இதற்கு நாலு விளக்கம் சொல்லியிருக்க வேண்டியவன், கடைசி ஆளாக நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர். சோகத்தில் பொத்தியிருக்கிறான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

வெளியே போன மாமாவுக்குத் தைரியம் திரும்பியிருந்தது. "எங்க, அந்த டப்பாவக் காட்டு. எந்தப் பல்லுன்னு பாப்போம்."

தென்றல் டப்பாவை டக்கென்று மூடினாள். "கீழ் வரிசையில ஒண்ணு மாமா. பாத்துட்டேன். நான் கொண்டுபோயி ஒட்டிக்கறேன்."

மாமா விடவில்லை. "ஏண்டா, போன்ல புடிச்சியே. போட்டுக் காட்டு."

தம்பி சொம்பில் சாய்ந்திருந்த போனை எடுத்து, திரையைத் தன் பக்கமாக வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

"சார்ஜ் இல்லாம ஆஃப் ஆயிருச்சு மாமா."

"அப்ப ஆவி இருக்கா, இல்லையா?"

கறுப்புச் சட்டை பல்லைக் கடித்துக்கொண்டது. "இருக்கலாம் மாமா," என்றது.

பந்தி நடந்தது. ரெங்கம்மாள் வந்துபோன வீட்டில் சாப்பிடுவது எல்லோருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மருதாயி சுழியம் மூன்று கேட்டு வாங்கினாள். "இவரு ஏன் பேசவே மாட்டேங்கறாரு, ஒடம்புக்கு முடியலையா?" என்று அண்ணி ஜெயசித்ரா மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கரைந்ததும் தென்றல் அண்ணனைக் கொல்லையில் துணி துவைக்கிற கல் அருகே பிடித்தாள்.

"வாயத் தொறண்ணே."

அவன் தலையை ஆட்டினான்.

"தொறன்னு சொல்றேன்ல."

ஆஸ்பத்திரி அதட்டலுக்கு வாய் தானாகத் திறந்தது. முன்னால் ஒரு சந்து.

"ஏண்ணே இப்படிப் பண்ணுன?"

"நான் வாயால சொன்னா நீ நம்பமாட்ட பாப்பா," என்றான் அண்ணன். சந்து வழியாகக் காற்று போனது. "எதச் சொன்னாலும் பாதியத் தள்ளிருவ. நீ திட்டிட்டுப் போனத அன்னைக்குச் சாயந்தரமே அம்மா எங்கிட்ட சொல்லிருச்சு. சொல்லிட்டுச் சிரிச்ச சிரிப்பு இருக்கே, ஈறு முழுக்கத் தெரியுது. 'அவளே பல்லு போட்டுவுட்டா, அவளே பல்லு இல்லாம சாவுங்கறா. நல்ல ஆஸ்பத்திரிடா'ன்னுச்சு. மருதாயிகிட்ட இருந்து செட்ட வாங்கி மாட்டிக்கிட்டு, நீ வந்து எறங்கறப்ப வாசல்ல நின்னு ஒரு உருண்டைய நறுக்குனு கடிச்சுக் காட்டணும்னு இருந்துச்சு. அந்த வேடிக்கைக்காகத்தான் உனக்குப் போனு கூடப் பண்ணாம வீம்பா இருந்துச்சு. அதுக்குள்ள..."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மத்தியானம் நீ கொழாயத் தொறந்துவுட்டு அழுததப் பாத்தேன். லேசா ஒரு தடம் வெப்போம்னுதான் போனேன். கருங்கல்லப் புடிச்சு வெச்சுருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

தென்றலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் பழக்கம் விடவில்லை. இவன் சொல்வதில் எந்தப் பாதியைத் தள்ளுவது? தங்கச்சி அழுகிறாளே என்று இந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து கட்டிய கதையாகக்கூட இருக்கலாம். அண்ணனால் முடியும்.

தம்பி வந்தான். போனில் சார்ஜ் முக்கால்வாசி இருந்தது. "அழிச்சுரவா, வெச்சுக்கவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வீடியோவைப் போட்டான்.

பின்கதவு திறந்தது. அண்ணன் பூனை மாதிரி வந்தான். இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். உருண்டையைக் கையில் எடுத்தவன் உடனே கடிக்கவில்லை. படத்தைப் பார்த்துப் பேசினான். குரல் சின்னதாக, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"கோவிச்சுக்காதம்மா. தென்றலு எறங்கறப்ப கடிச்சுக் காட்டறேன்னு சொன்னீல்ல. அவ வந்துட்டா. நீ கடிச்சதாவே இருக்கட்டும்."

பிறகு கடித்தான். 'டக்' என்றது. வாயைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே பின்கதவு வழியாகப் போய்ச் சேர்ந்தான்.

பொய் சொல்ல எதிரில் ஆள் வேண்டும். அந்த அறையில் அம்மாவைத் தவிர யாரும் இல்லை.

தென்றல் அதை மறுபடி போடச் சொன்னாள். பிறகு அண்ணன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை குழாயைத் திறந்துவிடவில்லை. "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணே," என்றாள்.

"சொல்லியிருக்கக் கூடாதுதான்," என்றான் அண்ணன். "திங்கக்கெழம வரேன். இதையே ஒட்டிருவீங்களா, புதுசு போடணுமா?"

"புதுசுதான். மத்த பல்லு கலர்ல."

தம்பி உள்ளே போய் அந்த உருண்டையைக் கொண்டுவந்தான். படைத்தது பிள்ளைகள் வயிற்றுக்குத்தான் போக வேண்டும் என்பது வழக்கம். இந்த ஒரு வழக்கத்தில் அவனுக்கு மறுப்பு கிடையாது. தென்றல் பல்லைப் பிடுங்கி அண்ணன் சட்டைப் பையில் போட்டாள். உருண்டையைப் பின்கதவு இடுக்கில் வைத்து, மூன்று பேருமாகக் கதவைத் தள்ளினார்கள். முதலில் கதவுதான் முனகியது. பிறகு உருண்டை உடைந்தது.

ஆளுக்கொரு துண்டை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்கள். கடிக்க முடியாது; ஊற வைத்துத்தான் தின்ன வேண்டும். ஒரு பக்கக் கன்னம் உப்ப, துவைக்கிற கல்லில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெல்லம் மெதுவாக இறங்கியது. தென்றல் தொண்டையில் இப்போது அது மட்டும்தான் இருந்தது. அண்ணனாலும் பேச முடியவில்லை.